ஜிஎஸ்டி ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) தாமதமாகி லேட் ஃபீ (தாமதக் கட்டணம்) கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கரூர் தறி:

லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்தாகிவிட்டது. சரக்கு அனுப்பத் தேவையான மின்னணுச் சீட்டான ஈ-வே பில் போட உட்கார்ந்தால் எங்கள் ஜிஎஸ்டி எண் முடக்கப்பட்டிருக்கிறது என்று வருகிறது. அடுத்தடுத்து இரண்டு 3பி, அதாவது வரி கட்டும் மாத ரிட்டர்ன், பாக்கி விழுந்தால் இப்படித்தான் ஆகும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாக்கி விழுந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. பெரிய பார்ட்டி பில்லுக்குப் பணம் விடவில்லை. வரி முழுவதையும் கட்டினால்தான் 3பி உள்ளே போகும். பாதி இன்று, பாதி பிறகு என்ற பேச்சே அதில் கிடையாது.

டிரைவர் இறங்கி வந்து சன்னல் பக்கம் நின்றார். "அண்ணே, இப்படியே நின்னா ஹால்டிங் யாரு தர்றது? தூத்துக்குடில எனக்கு அடுத்த லோடு பேசி வச்சிருக்கு" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. பக்கத்து யூனிட் அண்ணன் கைமாத்தாகக் கொடுத்தார். வரி, 18 சதவீத வட்டி, லேட் ஃபீ என்று சலான் போட்டு இரண்டு மாதத்தையும் ஃபைல் செய்தோம். லாரி மறுநாள்தான் கிளம்பியது.

லேட் ஃபீ பெரிய தொகை இல்லை. நாளுக்கு 50 ரூபாய். எங்கள் அளவு விற்றுமுதலுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாயோடு நின்றுவிடும். ஆனால் சரக்கையும் கொடுத்து, கைக்கு வராத பணத்துக்கு வரியும் கட்டி, தாமதம் என்று அதற்கு மேலும் நான்தான் கட்டினேன். இழுத்தடித்தவருக்கு ஒன்றுமே இல்லை.

கடைக்காரர் மகள்:

என்னுடையது 3பி இல்லை, ஜிஎஸ்டிஆர்-10. அப்பா 2020-ல் தவறினார். எலக்ட்ரிக்கல் கடையை எடுத்து நடத்த ஆள் இல்லாததால் மறு ஆண்டு ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தோம். உத்தரவும் வந்தது. ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் ஒன்று போட வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. 2022-ல் நோட்டீஸ் வந்தது. நாளுக்கு 200 ரூபாய், அதிகபட்சம் 10,000. விற்பனை, இருப்பு, வரி எல்லாம் பூஜ்யம். லேட் ஃபீ இடத்தில் மட்டும் மத்திய வரிக்கு 5,000, மாநில வரிக்கு 5,000 என்று நின்றது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அப்பாவின் பெயர். "யாருக்காவது பாக்கி வச்சிட்டுப் போயிட்டாராடி?" என்று கேட்டார். மொத்த வியாபாரிக்கு வாரம் தவறாமல் கணக்கு முடித்த மனிதர் அவர். இது அப்பா வைத்த பாக்கி இல்லைம்மா, அவர் போன பிறகு ஏறியது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கட்டி முடித்த அடுத்த ஆண்டே சலுகை வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். அந்தக் காலத்தில் இதே ரிட்டர்னைப் போட்டவர்கள் 1,000 ரூபாயோடு வெளியே வந்தார்கள். முன்பே கட்டியவர்களுக்கு எதுவும் திரும்ப வராது.

சிவகாசி கணக்கர்:

காலண்டர் பிரஸ் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஒரு மாதம் கெடுவின் கடைசி நாள் இரவு, முதலாளியின் தம்பி லேட் ஃபீயையும் சேர்த்து வரி என்ற தலைப்பிலேயே சலான் போட்டுவிட்டார். ஜிஎஸ்டி தளத்தில் உள்ள எங்கள் ரொக்கக் கணக்கான கேஷ் லெட்ஜரில் பணம் இருக்கிறது, ஆனால் கட்டணத் தலைப்பில் இல்லை என்பதால் ஃபைல் ஆகவில்லை. பன்னிரண்டு மணி நெருங்க நெருங்க முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். தலைப்பு மாற்றும் படிவமான பிஎம்டி-09 போட்டு மாற்றி எடுத்தோம். அவ்வளவுதான் என் கதை.

கரூர் அண்ணன் "ஒன்றுமே இல்லை" என்று எழுதியிருப்பது சரியில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்த பில்லுக்கு எடுத்த இன்புட்டை (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை) வட்டியோடு திருப்ப வேண்டும். நீங்கள் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரியிலும் பிடி இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாள். அதைத் தாண்டி நிற்கும் பாக்கியை, கொடுத்து முடிக்கிற ஆண்டில்தான் அவர் செலவாகக் காட்ட முடியும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டத்தில் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் வழி இருக்கிறது. பாக்கி கேட்டு அரசின் இணையத் தளத்தில் மனு போடலாம்.

இன்னொன்று. வரி முழுவதும் சேராவிட்டாலும் கையில் இருப்பதைக் கெடு தேதிக்குள் கேஷ் லெட்ஜரில் போட்டு வையுங்கள். 2024-ல் விதி திருத்தப்பட்ட பிறகு, கெடு தேதியன்று லெட்ஜரில் இருந்து, ரிட்டர்ன் போடும்போது கழிகிற தொகைக்கு 18 சதவீத வட்டி கிடையாது. லேட் ஃபீ ஓடும், வட்டி குறையும். லேட் ஃபீயை இன்புட்டில் கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு முறைக்கு மாறலாம். 3பி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தமிழ்நாட்டுக்கு 22-ம் தேதி. காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் அடுத்த மாதம் 25-ம் தேதிக்குள் வரியை மட்டும் கட்டிவிட வேண்டும். வியாபாரமே இல்லாத மாதம் என்றால் 14409-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியே நில் (பூஜ்ய) 3பி போடலாம். நில் ரிட்டர்ன்தானே என்று விட்டுவிடாதீர்கள், அதற்கும் நாளுக்கு 20 ரூபாய், 500 வரை ஏறும். ரிட்டர்ன் போட்ட பிறகும் ஈ-வே பில் திறக்கவில்லை என்றால், அந்தத் தளத்திலேயே முடக்க நிலையைப் புதுப்பிக்கிற இடம் இருக்கிறது. லாரியை ராத்திரி முழுக்க நிறுத்த வேண்டியதில்லை.

கோவை லேத்:

சிவகாசி சார், சட்டம் நீங்கள் சொல்கிறபடியே இருக்கிறது. ஆனால் எனக்கு வேலை தருவதே ஒரு கம்பெனி. அவர்கள் மேல் மனு போட்ட பிறகு எந்த முகத்தோடு அடுத்த ஆர்டர் கேட்பது? 180 நாள் என்பது எங்களுக்கு அரை வருட வாடகை, அரை வருடக் கூலி.

எனக்கு நடந்தது இது. கணக்குப் பார்க்கிற பெண் பிரசவத்துக்குப் போன மாதம், விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதியைத் தாண்டிவிட்டது. கட்டணம் என்று பார்த்தால் சில நூறு ரூபாய். பில் பாஸ் பண்ணச் சொல்லிக் கம்பெனிக்குப் போனேன். பர்ச்சேஸில் இருந்த பையன், சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி-யை அச்செடுத்து, வரிசை வரிசையாக விரலை வைத்துக்கொண்டே கடைசி வரை போனான். என் பெயர் இல்லை. "சார், ஜிஎஸ்டி தொகையை ஹோல்டு பண்றோம்" என்றான். அறையில் இன்னும் நான்கு சப்ளையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொகை அடுத்த மாத 2பி-யில் என் பில் ஏறிய பிறகுதான் வந்தது. அந்த மாதம் ஆட்களுக்குச் சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தேன்.

மகள் எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. அந்தச் சலுகையைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. 2020-ல் ஒரு தடவை, 2021-ல் ஒரு தடவை, 2023-ல் ஒரு தடவை என்று லேட் ஃபீயைக் குறைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கடன் வாங்கியாவது தேதிக்குள் கட்டினவன் என்ன பெற்றான்? காத்திருந்தவனுக்குக் கிடைக்கும் என்று ஆகிவிட்டால் யார் தேதியைப் பார்ப்பார்கள்? தேதிக்குள் கட்டினவனுக்கு அடுத்த வருடம் ஏதாவது தள்ளுபடி கொடுக்கட்டும், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஏரல் பாத்திரக்கடை:

இங்கே யாரும் ஆலோசனை கேட்டதாகத் தெரியவில்லை, ஆனாலும் அந்த கேஷ் லெட்ஜர் விஷயம் எனக்குப் பயன்படும், நன்றி.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி எங்கள் பஜாருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது கல்லாப்பெட்டி, பில் புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் மேலும் ஒரே சேறு. நவம்பர் மாத 3பி-க்கு 20-ம் தேதி கெடு. அன்று ஊரில் கரண்ட் இல்லை, செல் டவர் இல்லை. ஓடிபி எங்கிருந்து வரும்?

புத்தகங்களை மாடியில் ஏடு ஏடாகப் பிரித்துக் காயப்போட்டோம். என் சம்சாரம் ஒவ்வொரு பில்லையும் துணியால் ஒற்றி ஒற்றி எண்ணைப் படிக்க, நான் நோட்டில் எழுதினேன். கார்பன் மை பரவி, சிலதில் தொகை மட்டும்தான் தெரிந்தது. ஜனவரி பிறந்த பிறகு திருநெல்வேலிக்குப் போய், தெரிந்தவர் ஆபீசில் உட்கார்ந்து ஃபைல் செய்தேன். லேட் ஃபீ வரும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் போனேன்.

ஜனவரி 5 தேதியிட்ட அறிவிப்பு வந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் ஐந்து மாவட்டத்துக்கும் ஜனவரி 10 வரை கெடு நீட்டிப்பு. நவம்பர் தாமதத்துக்கான கட்டணம் வரும் டிசம்பர் மாத ரிட்டர்னைத் திறந்தபோது லேட் ஃபீ கட்டத்தில் பூஜ்யம். சரக்கு போனது போனதுதான். ஆனாலும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து நான் அழுதேன். கோவை அண்ணாச்சி, எல்லாச் சலுகையும் சோம்பேறிகளுக்கு என்று எண்ணிவிடாதீர்கள்.

கோவை லேத்:

வெள்ளத்தை நான் அதில் சேர்க்கவே இல்லை அண்ணாச்சி. அது கொடுத்தே ஆக வேண்டியது. நான் சொன்னது பொதுவாக எல்லோருக்கும் குறைத்ததை.

கடைக்காரர் மகள்:

எல்லோருக்கும் குறைத்தபோதுதான் எங்களைப் போன்ற வீடுகளும் தப்பித்தன, கோவை சார். வியாபாரமே பண்ணாத மனைவிகள், பிள்ளைகள், இறந்தவர் பெயரில் இந்த ரிட்டர்னைப் போடுகிறோம். தேதிக்குள் கட்டினவர்களுக்குத் தள்ளுபடி கொடுக்கட்டும், எனக்கும் சம்மதம். ஆனால் வரியே இல்லாத இறுதி ரிட்டர்னுக்கு 3பி-யில் நில் போடுகிறவர்களைப் போல 500-ல் நிறுத்தாமல் 10,000 வரை ஏன் ஏற வேண்டும்? இதற்கு யாரிடமாவது விளக்கம் இருந்தால் எழுதுங்கள். வீட்டில் சமீபத்தில் பதிவை ரத்து செய்தவர்கள் இருந்தால், உத்தரவுத் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியும் முன் ஜிஎஸ்டிஆர்-10 போட்டாகிவிட்டதா என்று இன்றே கேளுங்கள்.