‘ரொம்பத்தான்!’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

உசிலம்பட்டிப் பக்கத்துக் காதணி விழா பற்றிய கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். பத்து நாட்களாக ஒரே வரியில் நிற்கிறேன். தெருமுனை வரை பேனர், விடியும் முன்பே ஒலிபெருக்கி, வண்டி வண்டியாகத் தாய்மாமன் சீர். திண்ணையில் இருக்கும் பாட்டி சொல்வது ஒரே சொல்: ‘ரொம்பத்தான்!’

‘எக்ஸஸிவ்’ போட்டேன், தணிக்கை அறிக்கை வாடை அடிக்கிறது. ‘எக்ஸார்பிடன்ட்’ பெரும்பாலும் விலைக்குத்தான் பொருந்தும். அதன் லத்தீன் வேருக்கு வண்டித்தடத்தை விட்டு விலகுதல் என்று பொருள். அந்த அழகுக்காகவே விட மனமில்லை, ஆனாலும் பாட்டி வாயில் ஒட்டாது. ‘எக்ஸ்ட்ராவகன்ட்’ பெரும்பாலும் செலவோடு நின்றுவிடுகிறது. ‘ஓவர் தி டாப்’ ஓரளவு நெருங்குகிறது, ஆனால் நகரத்துக்காரர் பேச்சு. ‘டூ மச்’ என்றால் பாட்டி கல்லூரி மாணவி ஆகிவிடுகிறார்.

பாட்டிக்குக் கோபமில்லை. பாதி எரிச்சல், பாதி பெருமை. பேத்தி வீட்டு விழா அல்லவா! அடிக்குறிப்பு போட இடமில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

எழுபது வயதுக் கிராமத்துப் பெண் சொன்னால் இயல்பாக இருக்கிற, எரிச்சலும் பெருமையும் சேர்ந்து ஒலிக்கிற ஆங்கிலச் சொல்லோ தொடரோ எது?