புதுப்பிப்பு: ஓட்டிசம் உள்ள பிள்ளையின் நித்திரை, யாழ்ப்பாணத்தில் கிளினிக் போக முன்

"ஓட்டிசம் எண்டால் நித்திரை அப்பிடித்தான்" என்று கிளினிக்கில் பெற்றோரைத் திருப்பி அனுப்புவது பற்றி முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. நித்திரைக் குழப்பத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். கிளினிக்கில் கிடைப்பது சில நிமிடம். இரண்டு கிழமைக் குறிப்பைக் கொப்பியில் கொண்டுபோங்கள்: படுத்த நேரம், உறங்கிய நேரம், இரவில் எழும்பியது, பகல் நித்திரை. குறட்டையோ உடல் வெட்டி இழுப்பதோ இருந்தால் போனில் வீடியோ எடுங்கள். குறட்டைக்குக் காரணமாகும் அடினொயிட்டும் (மூக்குக்குப் பின்னால் வீங்கும் சதை) உடலை இழுக்கிற வலிப்பும் வாய்ச்சொல்லில் மட்டும் சொன்னால் தவறிப்போகும். மலச்சிக்கல், பல்வலியைப் பேசாத பிள்ளை சொல்லாது, நீங்கள்தான் சொல்லவேண்டும்.

படுக்கையில் கால் உதறினால் ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்கக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் அது குறைந்திருக்கலாம்.

மெலட்டோனின் (நித்திரை வரவைக்கும் ஹோர்மோன் மருந்து) வழமையாக 1–3 மில்லிகிராமில் தொடங்கும், படுக்க 30–60 நிமிடம் முன். அளவை வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும். நித்திரை வரவைக்க உதவும், நடுச்சாமத்தில் எழும்புவதை அவ்வளவு தடுக்காது. தடிமனுக்குக் குடுக்கிற பிரிட்டோனை நித்திரைக்காகக் குடுக்கவேண்டாம், சில பிள்ளைகள் அதால் இன்னும் துள்ளும்.