டைமிங் பெல்ட் மாற்றம்: ஹட்டன் பக்கம் யாராவது கைகொடுப்பீர்களா?

வணக்கம் சகோதரர்களே. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டனுக்குப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகும் பழைய டீசல் வேன் என்னுடையது. வாட்டர் பம்பின் அடித்துளையில் கூலண்ட் கசிந்து, காய்ந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. இந்த எஞ்சினில் பம்பைச் சுழற்றுவதும், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்கும் டைமிங் பெல்ட்தான். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறது. ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் அந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

பெல்ட், பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றும் வாங்கிவிட்டேன். விடுமுறை முடிவதற்குள் முற்றத்திலேயே மாற்ற எண்ணம். வால்வுகளைத் திறக்கும் கேம், டீசலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் பம்ப் இரண்டின் பொருத்தக் குறிகளுக்கும் வெள்ளைப் பெயிண்ட் வைத்துவிட்டேன். மாட்டியபின் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

தடை, கிராங்கின் முனையிலுள்ள புல்லியின் (கப்பி) போல்ட். பெல்ட்டை எடுக்க அதைக் கழற்றியாக வேண்டும். வண்டியைக் கியரில் போட்டு, மனைவி பிரேக்கை மிதிக்க, ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி இழுத்தேன். குழாய் வளைந்ததே ஒழிய போல்ட் அசையவில்லை. ஸ்பேனரை முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரு நொடி இயக்கி போல்ட்டைக் கழற்றலாம் என்கிறார்கள். அது ஆபத்து, எனக்கு மனம் ஒப்பவில்லை.

கொட்டகலை, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் யாரிடமாவது புல்லியைச் சுழலாமல் பிடிக்கும் கருவியும், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ஸ்பேனரும் இருந்தால் ஒருநாள் இரவல் தாருங்கள். அனுபவமுள்ள அண்ணன் யாராவது கூடவே வந்து நின்றால் இன்னும் தைரியம். பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்.