டெக்சாஸில் நர்ஸ், எல்லை தாண்டினால் யாரோ?

நைட்ஷிஃப்ட்_டெக்சாஸ்:
ஆறு வருடம் டெக்சாஸில் ஐசியூவில் இருந்தேன். வீட்டுக்காரருக்கு வேலை மாறியது, காம்பாக்டில் (ஒரு மாநிலத்து நர்ஸ் லைசன்ஸ் சேர்ந்திருக்கிற மற்ற மாநிலங்களிலும் செல்லும் என்கிற ஒப்பந்தம்) சேராத ஒரு மாநிலத்துக்கு வந்தோம், பெயர் வேண்டாம். நர்ஸ் லைசன்ஸுக்கான தேர்வு என்கிளெக்ஸ், அதை எந்த மாநிலத்துக்காக எழுதினாலும் அதே 85இலிருந்து 150 கேள்விகள், அதே ஐந்து மணி நேரம், பாஸ் ஆவதற்கான அளவும் ஒன்றுதான். லைசன்ஸ் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. புது மாநிலத்து நர்சிங் போர்டு என் ட்ரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடம், மார்க் விவரம்) திரும்பவும் ஊரில் நான் படித்த காலேஜிலிருந்தே நேராக வர வேண்டும் என்றது. அதை அனுப்பத் தெரிந்த கிளார்க் ரிட்டயர்டு ஆகிவிட்டார், அப்பா மூன்று தடவை பஸ் ஏறிப் போய் நின்றார், ஒரு தடவை கவரின் மடிப்பு மேல் சீல் விழவில்லை என்று திரும்பி வந்தது. ஐந்து மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதனால் எந்த நோயாளிக்கு என்ன பாதுகாப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

கலிஃபோர்னியா_ஸ்டாஃப்:
உங்கள் கஷ்டம் புரிகிறது சிஸ்டர், ஆனால் தேர்வு ஒன்று என்பதால் லைசன்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில் ஐசியூவில் இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ், மெடிக்கல் வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர், இது சட்டம். 1999இல் கையெழுத்தாகி 2004இல் அமலுக்கு வந்தது. டெக்சாஸில் இப்படி ஒரு எண்ணிக்கை சட்டத்தில் உண்டா? மாநிலம் பிடியை விடாமல் இருப்பதால்தான் இது நடக்கிறது. காம்பாக்டில் சேர்ந்தால் நாங்கள் ஸ்ட்ரைக் செய்கிற அன்றே வெளி மாநிலத்திலிருந்து ஆள் இறக்கிவிடுவார்கள், யூனியன் பயப்படுவது இதற்குத்தான்.

வான்கூவர்_தம்பி:
அக்கா, லைசன்ஸ் வேறு, ரேஷியோ வேறு. காம்பாக்ட் லைசன்ஸ் வைத்திருப்பவரும் நோயாளி இருக்கிற மாநிலத்தின் சட்டப்படிதான் வேலை பார்க்க வேண்டும். நாளைக்கே கலிஃபோர்னியா சேர்ந்தாலும் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது அப்படியேதான் இருக்கும். ஸ்ட்ரைக் விஷயமும் அப்படித்தான், ஏஜென்சிகள் இப்போதே முன்கூட்டி லைசன்ஸ் எடுத்து ஆட்களைத் தயாராக வைத்திருக்கின்றன.

என் கதையைக் கேளுங்கள். நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் (கனடா வான்கூவர் இல்லை, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்). கொலம்பியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரிகன், போர்ட்லேண்ட். டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்குப் போன் செய்து மருந்து, புண், காய்ச்சல் விசாரிக்கிற வேலை எனக்கு. வாஷிங்டன் 2023இல் காம்பாக்டில் சேர்ந்துவிட்டது, அதனால் ஐடஹோவில் இருப்பவரிடம் தாராளமாகப் பேசலாம். ஒரிகன் சேரவில்லை. போன மாதம் ஒரு பாட்டியம்மா, தினமும் என்னிடம் சர்க்கரை அளவு சொல்கிறவர், மகள் வீட்டுக்குப் போர்ட்லேண்ட் போயிருந்தார். ‘பாட்டி, நீங்கள் இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா’ என்று முதலில் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் என்றார். அந்த மாநிலத்து லைசன்ஸ் இருக்கிற வேறொருவருக்கு லைனை மாற்றிவிட்டேன்.

கலிஃபோர்னியா_ஸ்டாஃப்:
சரி, ரேஷியோவை விடுகிறேன். 2023 ஜனவரியில் வெளியே வந்த ஃபுளோரிடா விவகாரத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? 7,600க்கும் மேல் போலி நர்சிங் டிப்ளமோ, காசு கொடுத்து வாங்கி அதை வைத்தே என்கிளெக்ஸ் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாஸும் செய்திருக்கிறார்கள். வார்டில் ஒரு நாளும் நிற்காதவர் கம்ப்யூட்டர் தேர்வைத் தாண்டிவிடலாம் என்று இதிலேயே தெரிகிறதே. ஆகவே படிப்பை மாநிலம் தன் கண்ணால் ஒரு தடவை பார்க்கட்டும். எங்கள் விதிப்படி ஒரு பாடத்தின் தியரியும் கிளினிக்கலும் (வார்டுப் பயிற்சி) ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும், அதில் என்ன தப்பு?

நைட்ஷிஃப்ட்_டெக்சாஸ்:
தப்பு இருக்கிறது அக்கா. நம் ஊரில் சைக்கியாட்ரி தியரி ஒரு வருடமும் போஸ்டிங் அடுத்த வருடமும் வந்த பேட்ச்கள் உண்டு. மணிக்கணக்கு நிறைந்திருந்தாலும் தேதி ஒத்துப்போகாததால் அந்தப் பாடத்தை மட்டும் திரும்பப் படி என்பார்கள். பத்து வருட அனுபவம் அங்கே கணக்கில் வராது. அப்புறம் அந்தப் போலி டிப்ளமோ. அப்படி வந்தவர்களுக்கு நியூயார்க்கும் லைசன்ஸ் கொடுத்திருந்தது, நியூயார்க் காம்பாக்டில் இல்லவே இல்லை. கண்ணால் பார்த்த மாநிலமும் ஏமாந்துதானே போனது?

மாநிலத்துச் சட்டம் தெரிய வேண்டும் என்பது நியாயம். டெக்சாஸ் அதற்கென்று ஜூரிஸ்ப்ரூடன்ஸ் தேர்வு வைக்கிறது, நானும் எழுதினேன், ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. அப்படி ஒன்று வைத்துவிட்டு விடுங்கள். ஆறு வருடம் வெண்டிலேட்டர் பார்த்தவளிடம் முதல் வருட அனாட்டமி மார்க் எதற்கு?

கலிஃபோர்னியா_ஸ்டாஃப்:
தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அந்த விதி நம் பிள்ளைகளைத்தான் அதிகம் அடிக்கிறது, அது மாறினால் எனக்கும் சந்தோஷம்தான். காம்பாக்ட் மட்டும் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒருவர் மேல் புகார் வந்து விசாரணை நடக்கும்போது முடிவு எடுப்பது எங்கள் போர்டாக இருக்க வேண்டும், அவருக்கு லைசன்ஸ் கொடுத்த போர்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கக் கூடாது.

வான்கூவர்_தம்பி:
அது உங்கள் போர்டாலும் முடியும் அக்கா. தன் மாநிலத்தில் வேலை பார்க்கும் உரிமையை அந்தந்த போர்டே நிறுத்தலாம், காம்பாக்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. முழு லைசன்ஸைப் பிடுங்குவது மட்டும்தான் சொந்த மாநிலத்தின் வேலை.

கலிஃபோர்னியா_ஸ்டாஃப்:
அந்த ‘மட்டும்’தான் தம்பி எனக்கு இடிக்கிறது.

திருச்சி_பிஎஸ்சி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பெங்களூரில் படித்தேன், தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிய என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) அலைந்தே களைத்துப் போனேன், அங்கேயும் இதே கதையா? சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசு தருகிற அடையாள எண்) எனக்கு இன்னும் இல்லை. எந்த மாநிலத்துக்குப் போடுவது?

நைட்ஷிஃப்ட்_டெக்சாஸ்:
நம்பர் இல்லாமல் நியூயார்க்குக்குப் போடலாம் தங்கச்சி, நம்மில் நிறையப் பேர் அந்த வழியில் வந்தவர்கள்தான். என்கிளெக்ஸ் பாஸ் செய்துவிட்டு, இங்கே வந்து நம்பர் கிடைத்த பிறகு நீ குடியேறுகிற மாநிலத்துக்கு எண்டார்ஸ்மென்ட் (இருக்கிற லைசன்ஸை வைத்து இன்னொரு மாநிலத்து லைசன்ஸ் கேட்பது) போடு. அது காம்பாக்ட் மாநிலமாக இருந்தால் எல்லா காம்பாக்ட் மாநிலத்திலும் செல்லுகிற மல்டிஸ்டேட் லைசன்ஸே கேள். ஆனால் பின்னால் என்னைப் போல காம்பாக்டுக்கு வெளியே குடி மாறினால் அது கொடுத்த மாநிலத்தில் மட்டும் செல்லுகிற சிங்கிள் ஸ்டேட் ஆகிவிடும், தெரிந்துகொள்.

காலேஜ் கவரை ஒட்டினதும் மடிப்பு மேல் சீல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்து வை.