கல்டிவேட்டர் லிங்க் பின் வளைகிறது: எம்.எஸ். ராடா, இஎன் 8-ஆ, லாரி ஆக்சிலா?

ஊத்தங்கரை மானாவாரி:
ஒன்பது கொழு கல்டிவேட்டர், ஸ்பிரிங் வைத்தது. டிராக்டரின் கீழ்க் கையை (லோயர் லிங்க்) மாட்டுகிற 22 மி.மீ. இரும்பு முளை (பின்) அடிக்கடி வளைந்துவிடுகிறது. எங்கள் பக்கம் மேலே செம்மண், ஒரு சாண் கீழே போனால் கல். வளைந்த பின்னைச் சம்மட்டியால் அடித்துத்தான் லிங்க் முனையில் இருக்கிற உருண்டையிலிருந்து கழற்ற வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி லேத்தில் இஎன் 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) போடச் சொல்கிறார்கள். ஊர்ப் பட்டறையில் பழைய லாரி ஆக்சில் என்கிறார்கள். சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடே போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கடலைக்கு உழுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

காரிமங்கலம் பட்டறை:
லாரி ஆக்சில்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். அத்தனை டன் லோடைச் சுமந்த இரும்பு உன் கல்டிவேட்டருக்கா வளையப் போகிறது?

ஓசூர் லேத்:
அண்ணே, லாரியின் பின் ஆக்சில் ஷாஃப்ட் லோடு சுமப்பதில்லை. லோடெல்லாம் வெளியே இருக்கிற ஹவுசிங் மேல். உள்ளே ஓடுகிற ஷாஃப்ட் முறுக்கை மட்டும்தான் தாங்குகிறது. அதற்காக மேல்தோலைக் கடினப்படுத்தியிருப்பார்கள். அதை 22-க்குக் கடைந்தால் அந்தத் தோல் முழுக்கச் சுருளாகக் கீழே போய்விடும், கூடவே டூல் முனையும் போகும். மிச்சம் நிற்பது என்ன இரும்பு என்று கடைந்தவனுக்கே தெரியாது.

இஎன் 8 பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தொழிலில் நிறையப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். எம்.எஸ். ராடு 250 மெகாபாஸ்கலைத் தாண்டினால் வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும். கார்பன் 0.4 சதவீதம் உள்ள இஎன் 8, பதம் ஏற்றாமல் நார்மலைஸ் செய்த (காய்ச்சிக் காற்றில் ஆறவிட்ட) நிலையில் இருந்தால் அதற்கும் 280 அளவுதான். அறுந்துபோகிற எல்லையில்தான் வித்தியாசம் பெரிது: எம்.எஸ். 410, இஎன் 8 என்றால் 550. வளையக் கூடாது என்றால் எண்ணெயில் பதம் ஏற்றி, பிறகு சூட்டில் பதம் இறக்கிய இஎன் 8 வேண்டும். அது 465 வரை தாங்கும். ஓசூரில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தருகிற இடங்கள் இருக்கின்றன. வெறும் கறுப்பு ராடைக் கடைந்து கொடுத்து இஎன் 8 விலை வாங்கினால், உங்களுக்குக் கிடைத்தது பெயர் மட்டும்தான்.

இராயக்கோட்டை தக்காளி:
இவ்வளவு கெட்டியாக்கி எங்கே போகப் போகிறீர்கள்? கல்லில் மாட்டினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதலில் ஸ்பிரிங் எகிறும், அது போதாவிட்டால் பின் வளையும். பின்னும் அசையாவிட்டால் ஃபிரேமில் பின் நிற்கிற பிளேட் கிழியும், இல்லையென்றால் டிராக்டர் லிங்க் கோணும். எது மலிவு? 22 மி.மீ. ராடு மீட்டருக்கு மூன்று கிலோ, ஒரு பின்னுக்கு அரைக் கிலோ கூட வராது. ரோட்டவேட்டரில் ஷியர் போல்ட் எதற்கு வைத்திருக்கிறான்? நான் எம்.எஸ். கட்சி. கடைந்த பின் எப்போதும் டூல் பாக்ஸில் கிடக்கும்.

ஓசூர் லேத்:
ஷியர் போல்ட் அறுந்து விழும், புதிது போட்டு ஓட்டலாம். வளைந்த பின் உருண்டைக்குள் இறுகிக்கொள்ளும். அவர் சம்மட்டி எடுத்தது அதனால்தானே? ஒரு பின்னுக்கு அரைக் கிலோதான் என்கிற கணக்கு எனக்கும் சாதகம்தான் தக்காளிக்காரரே. இரும்பு விலையை விட லேத் கூலிதான் அதிகம், அதைக் கொடுத்து ஏன் எம்.எஸ். கடைய வேண்டும்?

பாலக்கோடு ராசா:
வீடு கட்டின 25 மி.மீ. முறுக்குக் கம்பி துண்டு கிடக்கிறது. ஃபெ 500 என்று அச்சே இருக்கிறது. அப்படியென்றால் எல்லை 500 தானே? அதையே 22-க்குக் கடைந்தால் என்ன?

ஓசூர் லேத்:
அந்த 500 வருவதே வெளி வளையத்தால்தான். உருட்டி வரும்போது தண்ணீர் அடித்து மேல்பகுதியை மட்டும் குளிரவைக்கிறார்கள், உள்ளே மெத்து. சுற்றிலும் ஒன்றரை மி.மீ. கடைந்து எடுத்தால் நல்ல பகுதியில் பெரும்பங்கு குப்பையில். உலையில் சிவக்கக் காய்ச்சினாலும் அதே கதிதான். பந்தல் காலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் பட்டறை:
லேத்துக்காரர் எல்லாவற்றுக்கும் நம்பர் வைத்திருக்கிறார். பட்டறையில் எங்களுக்குக் கிரைண்டர் பொறிதான் சர்டிபிகேட். நிழலில் நின்று பிடிக்க வேண்டும். எம்.எஸ். என்றால் பொறி நீளமாக ஓடும், கிளை அதிகம் பிரியாது. கார்பன் ஏற ஏறப் பொறி குட்டையாகி, நுனியில் மத்தாப்பூ போல வெடிக்கும். தெரிந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பிடித்தால் ஏமாற மாட்டாய்.

இன்னொன்று தம்பி, இஎன் 8 மாதிரிக் கார்பன் இரும்பை பிளேட்டில் வைத்து 6013 வெல்டிங் ராடால், சூடாக்காமல் பச்சையாகப் பற்றவைக்காதே. வெல்டிங் நன்றாகத்தான் தெரியும், அதன் ஓரத்திலேயே முடி அளவு விரிசல் ஓடியிருக்கும். உழும்போது படக்கென்று போகும். காய்ந்த 7018 ராடு, வைக்கிற இடத்தை 200 டிகிரி வாக்கில் சூடாக்கி, முடிந்ததும் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். எம்.எஸ். என்றால் இந்தத் தொல்லை இல்லை.

ஓசூர் லேத்:
இதில் அண்ணன் சொல்வதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மானாவாரி, உங்கள் பின் நட்டு வைத்து மாட்டுவதா, பற்றவைத்ததா?

ஊத்தங்கரை மானாவாரி:
நட்டு வைத்ததுதான் சார்.

நல்லம்பள்ளி டிரைவர்:
இத்தனை பேர் இரும்பையே பேசுகிறீர்கள், ஓட்டுகிறவனை யாரும் கேட்கவில்லை. வரப்போரம் திரும்பும்போது கொழுவைத் தூக்காமல் திருப்பினால் எந்த ராடு போட்டாலும் வளையும். பாரம் முழுக்கப் பக்கவாட்டில் பின் மேல்தான் விழும். லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற செக் செயின் தளர்ந்திருந்தாலும் இதேதான். மணிக்கணக்குக்கு வருகிறவர்கள் அவசரத்தில் செய்கிற வேலை இது.

ஊத்தங்கரை மானாவாரி:
எங்கள் டிரைவர் பழைய ஆள், அப்படியெல்லாம் செய்ய மாட்டார் அண்ணே. செக் செயினைப் பார்க்கிறேன்.

நல்லம்பள்ளி டிரைவர்:
அவரைக் குறை சொல்லவில்லை தம்பி. பின் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார். முன்னோக்கி வளைந்திருந்தால் கல் காரணமாக இருக்கலாம், வேறு பக்கம் என்றால் வேறு கதை. கல்லில் மாட்டினால் லிங்க் பின்னை முன்னோக்கித்தான் இழுக்கும். பிளேட் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டையாகிவிட்டதா?

ஊத்தங்கரை மானாவாரி:
இப்போதுதான் பார்த்தேன். ஒரு பக்க ஓட்டை நன்றாகவே முட்டையாகியிருக்கிறது, பின் ஆடுகிறது.

ஓசூர் லேத்:
அப்படியானால் முதலில் ஓட்டையை போரிங் போட்டு வட்டமாக்கி, உள்ளே புஷ் (இரும்பு வளையம்) அடியுங்கள். பின் அதற்கப்புறம். பதம் ஏற்றிய இஎன் 8-தான் என் யோசனை.

இராயக்கோட்டை தக்காளி:
புஷ் அடித்துவிட்டு எம்.எஸ். போட்டுப் பாருங்கள். வளையாவிட்டால் ஓசூர்க்காரருக்கு ஒரு பின் ஆர்டர் நஷ்டம், அவ்வளவுதான்.

காரிமங்கலம் பட்டறை:
கொழு தேய்ந்தால் மட்டும் லாரி ஸ்பிரிங் பட்டையிலேயே அடி தம்பி. ஓட்டையைக் காய்ச்சிக் குத்து, பற்றவைக்காமல் போல்ட்டில் மாட்டு. இதையாவது யாரும் மறுக்கிறீர்களா?