புதுப்பிப்பு: அத்தானின் லைசென்ஸ் விஷயம்

போன பதிவில் கேட்டது இதுதான்: குடித்துவிட்டு பைக் ஓட்டிய வழக்கில் காரைக்குடி அத்தானுக்கு 6 மாதம் எந்த வண்டியும் ஓட்டக் கூடாதென்று கோர்ட் தடை. ஆத்தங்குடிக் கல் ஏற்றும் குட்டியானைதான் பிழைப்பு. வேலைக்கு மட்டும் லைசென்ஸ் தருவார்களா?

தரமாட்டார்கள். நியூசிலாந்தில் அப்படி உண்டு, நம் சட்டத்தில் இல்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 20-ஐ வக்கீல் எடுத்துக் காட்டினார். தடையை எல்லா வண்டிக்கும் போடலாம், குறிப்பிட்ட வகைக்கு மட்டும் போடலாம். மேல் கோர்ட் அதை மாற்றவும் செய்யலாம். சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டில் ஆர்.சி., தவணை ரசீது, பட்டறைக்காரர் கடிதம் எல்லாம் வைத்தோம். தடை இரு சக்கர வண்டியோடு நின்றது. இது நீதிபதியின் விருப்பம், எல்லாருக்கும் நடக்குமென்று நம்பிவிடாதீர்கள். அக்காவுக்கு நிம்மதி, எனக்கென்னவோ அத்தான் லேசாகத் தப்பித்தார் என்றுதான் படுகிறது.

"சும்மா ஓட்டச் சொல்லுங்க, யாரு பாக்கப் போறா" என்றவர்களுக்கு: தடைக் காலத்தில் ஓட்டினால் பிரிவு 182, 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூடப் போடலாம்.

கோர்ட் இல்லாமல் ஆர்.டி.ஓ. தடை போட்டிருந்தால் வழி வேறு: பிரிவு 19, 30 நாளுக்குள் மேல்முறையீடு.