புதுப்பிப்பு: தங்கையின் முதல் கேரம் போட்டி

சென்னை காசிமேட்டில் தெருப் பலகையில் ஆடும் என் தங்கையை மாவட்டப் போட்டிக்கு எப்படி அனுப்புவது, வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆடிவிட்டாள். இரண்டாவது சுற்றில் தோல்வி.

"தனியா அலையாதீங்க, பக்கத்துப் பயிற்சி மையத்துல சேருங்க, அவங்களே பேர் அனுப்புவாங்க" என்ற யோசனைதான் பலித்தது. அப்பாவிடம் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தானே என்று அம்மா கேட்டதும் கையெழுத்துப் போட்டார். போட்டி பிள்ளைகளைக் கெடுக்கும் என்று இங்கே எழுதியவருக்கு இதைத்தான் காட்டுவேன். ஒருத்தி ஜெயித்ததால் இன்னொருத்திக்கு வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது.

எதிர்பாராதது விதிகள்தான். 15 நொடிக்குள் அடிக்க வேண்டும், ஸ்ட்ரைக்கர் (காய்களை அடிக்கும் வட்டு) 15 கிராமைத் தாண்டக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது. தெருவில் எழுந்து நின்று அடித்துப் பழகியவளுக்குக் கடைசி விதி பெரும்பாடு. அப்புறம், 22 புள்ளியைத் தொட்டுவிட்டால் ரெட் (சிவப்புக் காய்) போட்டாலும் அதற்குரிய மூன்று புள்ளி கிடையாது. ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு வரைதான்; காய்களை அடுக்கி ஒருமுறை ஆடி முடிப்பது ஒரு போர்டு.

சேர்க்கப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ் நகலை முதல் நாளே கையில் வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.